செல்வம் எது? சந்தோஷம் எது?

செல்வம் சேர்ப்பதைப் பற்றியும், மனிதன் சந்தோஷமாய் வாழ்வதைப் பற்றியும் நமது நாட்டில் இரண்டு விதமான உபதேசங்கள் வெகு காலமாய் நடந்து வருகின்றன. ஒன்று, பணம் என்பது மாயை என்றும், அது செத்தால் கூட வரப்போவதில்லை என்றும், ஆகையால் அதில் ஆசை வைக்கக் கூடாதென்றும் சொல்லுவது. மற்றொன்று, இன்ன கிழமையில் இன்ன சாமானை வாங்கினால், இன்ன படத்தை வாசலில் மாட்டினால், இன்ன மூலையில் பீரோவை நிறுத்தினால் பணம் தானாகவே வந்து கொட்டும் என்று சொல்லுவது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை என்பது சிறு பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனால் நமது ஜனங்கள் காலையில் முன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார்கள். மாலையில் பின்னதைக் கேட்டுக் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பணம் மாயை என்று உபதேசிக்கிறவர்களில் யாராவது அந்த மாயையைத் தமது தட்டில் போட வேண்டாம் என்று சொன்னதாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

நம்மைப் பொறுத்தவரை பணம் மனிதனுக்கு அவசியம் வேண்டியதுதான் என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். கையில் காசில்லாதவன் எவ்வளவு யோக்கியனாயிருந்தாலும், கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டால் சந்து வழியாய்த்தான் போகிறான். மேடையில் ஏறி மானத்தையும் அறிவையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய தோழரும், மாதம் ஐந்தாம் தேதி வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் குரல் இறங்கித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே செல்வம் என்று நாம் சொல்லுவது மாடி வீட்டையும் மோட்டார் காரையும் அல்ல. ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கிறவன் ஆறு மாதம் படுத்துவிட்டாலும், யாரிடமும் போய்ப் பல்லைக் காட்டாமல் அடுப்பெரிவதற்கு வேண்டியது அந்த வீட்டில் இருக்குமானால், அந்த வீட்டாரைச் செல்வர்கள் என்றுதான் நாம் சொல்லுவோம். இந்த அளவில் பார்த்தால் நமது ஊர்களில் காரில் போகிற ஏழைகள் பலரும், சைக்கிளில் போகிற செல்வர்கள் சிலரும் இருப்பது தெரியவரும்.

நிற்க, ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று கேட்டால், பழைய வைதிகர் அது பூர்வ ஜென்மத்துப் பாவம் என்று சொல்லி முடித்துவிடுவார். இங்கிலீஷ் படித்த புது நாகரிகக்காரரோ பூர்வ ஜென்மத்தை விட்டுவிட்டு, அவனுக்குப் புத்தியில்லை, கணக்குத் தெரியாது, நாளையைப் பற்றி நினைக்கத் தெரியாது என்று சொல்லுவார். வார்த்தைதான் வேறே தவிர இரண்டு பேர் சொல்லுவதும் ஒன்றேதான். அதாவது குற்றம் ஏழையின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதாகும்.

இது உண்மைதானா என்பதை நமது நாட்டு விவசாயிகளைக் கொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை மேனாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சோதித்து, அதன் முடிவை 2013-ல் 'சயின்ஸ்' என்னும் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கரும்பு போடுகிறவனுக்குப் பணம் வருஷத்தில் ஒரு தடவைதான் மொத்தமாய் வரும். வெட்டுக்கு முந்தின மாதங்களில் கையிலிருந்ததெல்லாம் தீர்ந்து, பித்தளைப் பாத்திரம் முதல் தாலிச் சரடு வரை அடகுக் கடைக்குப் போயிருக்கும். பட்டுவாடா ஆனபின் எல்லாம் மீண்டு வரும். வெட்டுக்கு முன் 100க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள் என்றும், வெட்டுக்குப் பின் 100க்கு 4 பேர்தான் அப்படி இருந்தார்கள் என்றும் அந்த ஆராய்ச்சியில் கண்டிருக்கிறது. இந்த விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவையும், பணம் வந்தபின் ஒரு தடவையும் சில புதிர்களைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். முன்னே தடுமாறிய அதே மனிதர்கள் பின்னே சுளுவாய் விடுவித்தார்கள். அதே ஆள், அதே தலை, அதே பிறப்பு. நடுவில் மாறியது கடன் ஒன்றுதான்.

பகுத்தறிவு, பகுத்தறிவு என்று வாரந்தோறும் எழுதிக்கொண்டிருக்கிற நாம் இதைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். நாளைக்கு வட்டி கட்ட வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்ட வேண்டும், எதை எங்கே வைத்து எதை மீட்பது என்று இராப்பகலாய் உருட்டிக்கொண்டிருக்கிற தலையில் வேறு எந்த யோசனைக்கு இடமிருக்கும்? அந்தத் தலைக்குத்தான் ஜோசியனும், தாயத்துக்காரனும், பணம் இரட்டிக்கும் கம்பெனிக்காரனும் சொல்லுவது சுலபமாய் ஏறுகிறது. புத்தி கெட்டதால்தான் கடன் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடன் வந்ததாலும் புத்தி கெடுகிறது என்பதை இனி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது? வியாதியால் வருவதுண்டு. மழை பொய்ப்பதால் வருவதுண்டு. உழைப்புக்கேற்ற கூலி கிடைக்காததால் வருவதுண்டு. இவைகளுக்கெல்லாம் கடன்பட்டவனைக் குற்றம் சொல்லுவது அக்கிரமம். ஆனால் மற்றொரு வகைக் கடன் இருக்கிறது. அது மேளதாளத்தோடு, பத்திரிகை அடித்து, நாலு பேரைக் கூப்பிட்டு நாமே வரவழைத்துக்கொள்ளுகிற கடன். இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் நகையை எடுத்துக்கொள்ளுவோம். அக்ஷய திருதியை என்று ஒரு நாள். அன்று குந்துமணித் தங்கமாவது வாங்கினால் வருஷம் முழுவதும் செல்வம் பெருகும் என்று சொல்லப்படுகிறது. நமது தாத்தா பாட்டிமார்களில் பலர் இப்பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர்களின் விளம்பரத்தால் ஏறக்குறைய இந்த முப்பது வருஷத்துக்குள் ஊர் ஊராய்ப் பரவிய புண்ணிய தினம் இது. அன்று வாங்குகிறவனுக்குத் தங்கம் பெருகும் என்பது உண்மையானால், அன்று விற்கிறவனுக்குத் தங்கம் தேய வேண்டுமல்லவா? எந்தக் கடைக்காரராவது, "ஐயோ, இன்று அக்ஷய திருதியை, என் வீட்டு லக்ஷ்மி வெளியே போய்விடுவாள்" என்று சொல்லிக் கடையைச் சாத்தினதுண்டா? விடியற்காலையிலேயே அல்லவா திறந்துவைத்துப் பாலும் பழமும் கொடுத்துக் கூப்பிடுகிறார்? அந்த நாளின் மகிமை இன்னாருக்கு என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

அந்த மகிமைக்குக் கணக்கும் இருக்கிறது. 10 பவுனில் ஓர் ஆரம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுவோம். செய்கூலி, சேதாரம் என்று இரண்டு பெயரால் 100க்கு 12 வீதம் போட்டார்களானால், 11 பவுனுக்கு மேல் விலை ஆகிவிட்டது. 2017 முதல் 100க்கு 3 வீதம் சர்க்கார் வரி. ஆக 10 பவுன் நகைக்குப் பதினொன்றரைப் பவுன் விலையைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். மறுநாள் அதே நகையை அதே கடையில் கொண்டுபோய் நீட்டினால் செய்கூலியையும் சேதாரத்தையும் வரியையும் திருப்பித் தருவாரா? கல் வைத்த நகையாயிருந்தால் கல்லின் எடையையும் கழித்துக்கொள்ளுவார். கடைப்படி இறங்குவதற்குள் ஒன்றரைப் பவுன் கரைந்துபோனதற்குப் பெயர்தான் பெருகுவதென்றால் நாம் ஒன்றும் சொல்லுவதற்கில்லை.

தங்கத்தின் விலை ஏறிக்கொண்டுதானே வருகிறது, நீங்கள் சொன்னபடி வாங்காமலிருந்தவர்கள் ஏமாந்தார்களல்லவா என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலை ஏறியது வாஸ்தவந்தான். கடனில்லாதவன், தன் மிச்சத்தில், சேதாரமில்லாத காசாய் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் லாபமடைந்திருப்பான். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நம்மவர் வாங்குவது விற்பதற்கா? கலியாணத்துக்குக் கழுத்தில் போட்டு, வளைகாப்புக்குப் போட்டு, பிறகு முதல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்கு விடுகிறதற்குத்தான். ஏறிய விலை யாருக்குச் சேர்ந்தது என்பதை அடகுக் கடைகளின் பெயர்ப் பலகைகள் வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டு வருவதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இனி கலியாணம். இதில் நாம் மற்றவர்களைச் சொல்லுவதற்குமுன் நம்மையே சொல்லிக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்னும் கிராமத்தில் முதல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. புரோகிதர் வேண்டாம், சடங்கு வேண்டாம் என்பது அதன் ஒரு பாதிதான். வீண் செலவு வேண்டாம், கடன் வேண்டாம், ஒரு நாளைக்குள் முடியட்டும் என்பது மறு பாதி. அந்தக் கலியாணம் செல்லாது என்று கோர்ட்டில் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால், முன்னே நடந்தவைகளும் சேர்த்துச் செல்லும்படியாயிற்று. ஆக, புரோகிதரை ஜெயித்துவிட்டோம். செலவை ஜெயித்தோமா?

நமக்குத் தெரிந்த ஒரு தோழர், விசைத்தறியில் வேலை செய்கிறவர், தமது மூத்த பெண்ணுக்குக் கலியாணம் செய்தார். சுயமரியாதைக் கலியாணந்தான். மந்திரம் கிடையாது, தீ வளர்க்கவில்லை, இராகு காலத்தில்தான் மாலை மாற்றினார்கள். எல்லாம் சரி. ஆனால் மண்டபம் குளிர்சாதன மண்டபம். வாசலில் மாப்பிள்ளை பெண் படம் போட்ட பலகை, அதற்கு மேல் தலைவர்கள் படம் போட்ட பலகை. பெண்ணின் கழுத்தில் 15 பவுன். படம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கூட்டமே வந்திருந்தது. அவர்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் மாலை மாற்றியதை முன்வரிசைக்காரர்களே பார்க்கவில்லை. பந்தியில் 23 பதார்த்தங்கள். ஒரு பேச்சாளர் எழுந்து, வைதிகக் கலியாணத்தின் வீண் செலவுகளைக் கண்டித்து முக்கால் மணி நேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினோம். நாமும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

மூன்று வருஷம் கழித்து அந்தத் தோழரைப் பார்த்தபோதுதான் கணக்கு வெளியே வந்தது. சேமிப்பும் சொந்தக்காரர் உதவியும் போகத் துண்டு விழுந்ததற்கு 5 லட்சம் ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். இரண்டு வட்டி என்றால் 100க்கு மாதம் 2, வருஷத்துக்கு 24. அதாவது மாதம் 10,000 ரூபாய். மூன்று வருஷத்தில் 3,60,000 கட்டியாயிற்று. அசல் 5 லட்சம் அப்படியே இருக்கிறது. இப்படியே போனால் 50 மாதத்தில் வாங்கினதற்குச் சமமாய் வட்டி மாத்திரம் கட்டியிருப்பார்; அசல் அப்பொழுதும் அப்படியேதான் இருக்கும். பாலிடெக்னிக்கில் சேர வேண்டிய பையன் தறிக்குப் போகிறான். இரண்டாவது பெண்ணுக்கு வரன் கேட்டு வருகிறவர்கள், மூத்தவளுக்குப் போட்ட 15 பவுனை அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். "புரோகிதருக்குக் கொடுத்திருந்தால் ஐயாயிரத்தோடு போயிருக்கும், ஐயா" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மூடர் அல்லர். நல்ல உழைப்பாளி, படிக்கிறவர், குடிப்பழக்கமில்லாதவர். பின் ஏன் செய்தார்? "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்பதுதான் காரணம். கடவுளுக்குப் பயப்படாத தோழர்கள் கூட இந்த நாலு பேருக்குப் பயப்படுகிறார்கள். யார் இந்த நாலு பேர்? வந்து சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறுகிறவர்கள். வட்டி கட்டுகிற 50 மாதத்தில் ஒரு மாதமாவது இவர்களில் ஒருவர் வந்து பங்கு போட்டுக்கொண்டதுண்டா? இன்னும் சொல்லப்போனால், இந்த நாலு பேரும் தங்கள் வீட்டுக் கலியாணத்தில் நம்மை நாலு பேர் என்று நினைத்துப் பயந்து கடன் வாங்கினவர்களே. ஒருவருக்கொருவர் பயந்து எல்லோருமாய்ச் சேர்ந்து வட்டிக்காரரை வாழவைத்துக்கொண்டிருக்கிறோம்.

மேனாட்டுப் பொருளாதாரப் பண்டிதரான ஈஸ்டர்லின் என்பவர் 1974-ல் ஒரு விசித்திரத்தை எடுத்துக் காட்டினார். ஒரே தேசத்தில் ஏழையைவிடப் பணக்காரன் தான் சந்தோஷமாயிருப்பதாகச் சொல்லுகிறான். ஆனால் அந்தத் தேசம் முழுவதும் வருஷா வருஷம் பணக்கார தேசமாகிக்கொண்டு வந்தாலும், ஜனங்களின் சந்தோஷம் அதற்குத் தக்கபடி ஏறுவதாகக் காணோம் என்பது அது. இதைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் இன்றும் தகராறு இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணம் நமக்குப் புதிதல்ல: மனிதன் தன் கையிலிருப்பதை எண்ணுவதைவிட அடுத்த வீட்டுக்காரன் கையிலிருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறான். ஊரில் எல்லோரும் 5 பவுன் போட்டபோது 5 பவுன் மரியாதை. எல்லோரும் 15 போட்டால் 15-ம் அதே மரியாதைதான். நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் 10 பவுன் வீணாய்ப் போனதுதான் கண்ட பலன்.

மொய் இருக்கிறதே, அது உதவி அல்லவா என்று கேட்கலாம். ஆதியில் அது நல்ல ஏற்பாடுதான் என்பதை நாம் மறுக்கவில்லை. புதுக்கோட்டை, தஞ்சை ஜில்லாக்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாய் வைத்து, கறிச் சோறு போட்டு, லட்சக் கணக்கில் பணம் திரட்டி, அதைக் கொண்டு கடை வைத்தவர்களும், கிணறு வெட்டினவர்களும், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. வட்டியில்லாத கடனை ஜாதகம் பார்க்காமல், ஜாமீன் கேட்காமல் ஒரு ஊரே கொடுப்பதென்றால் அது சாதாரணக் காரியமல்ல. ஆனால் வாங்கினதெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிற கடன் என்பதை மறந்து, வந்ததை வரவாக நினைத்துப் பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் செலவழித்தவன், பின்னால் ஒவ்வொரு ஆடியிலும் மொய் செய்வதற்கே வட்டிக்குக் கடன் வாங்குகிறான். ஏற்பாட்டில் குற்றமில்லை, கிணறு வெட்டினவனுக்கும் வேட்டு வெடித்தவனுக்கும் உள்ள வித்தியாசந்தான்.

பெண்ணுக்கு நகை போடாமல் வெறுங்கழுத்தோடா அனுப்புவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வெகு காலம் நமது நாட்டில் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் பாகமில்லை. ஆகவே அவளுக்கு என்று கொடுக்கக்கூடியதெல்லாம் நகை ஒன்றுதான் என்றிருந்தது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மகாநாட்டில், ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். 60 வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. இன்று இந்துக் குடும்பங்களில் சட்டப்படி மகனுக்கு என்ன பாத்தியமோ அதே பாத்தியம் மகளுக்கும் உண்டு. ஆனால் நடப்பது என்ன? "உனக்குத்தான் 15 பவுன் போட்டாயிற்றே" என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்குச் சாதகமாய் விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நகை மாமியார் வீட்டு பீரோவுக்குப் போய், அங்கிருந்து அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. நிலமும் போயிற்று, நகையும் போயிற்று. வரதட்சணை 1961-லேயே சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது என்பதைச் சொன்னால், "இது வரதட்சணை இல்லை, நாங்களாக ஆசைப்பட்டுப் போடுவது" என்று பதில் வருகிறது. ஆசைப்பட்டுப் போடுகிறவர்கள் அந்த ஆசையை அவள் பெயரில் ஒரு காணி நிலமாகவோ, ஒரு பாங்கிக் கணக்காகவோ, இன்னும் இரண்டு வருஷப் படிப்பாகவோ காட்டினால் யார் தடுக்கப்போகிறார்கள்? தனக்கென்று ஒரு தொழிலும், தன் பெயரில் ஒரு கணக்கும் உள்ள பெண்ணை மாமியார் வீட்டில் அடிப்பதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆரம் போட்ட பெண்ணிடம் ஆரத்தைத்தான் கேட்பார்கள்.

அப்படியானால் சேர்ப்பது எப்படி என்றால், அதில் ரகசியம் ஒன்றுமில்லை என்பதால்தான் அதைப் பற்றி யாரும் ஆசையாய்க் கேட்பதில்லை. வட்டி என்பது இரண்டு பக்கமும் கூரான கத்தி. மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 வருஷம், வருஷத்துக்கு 100க்கு 7 வீதம் வளரும்படி விடாமல் போட்டு வந்தால், போட்டது 2,40,000. கையில் வருவது சுமார் 5,20,000. அதே வட்டி நமக்கு விரோதமாய் இரண்டு வட்டிக் கணக்கில் வேலை செய்தால், கட்டாமல் விட்ட கடன் மூன்றேகால் வருஷத்தில் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். ஆகவே கடனுள்ளவர் செய்யத்தக்க முதல் சேமிப்பு, அதிக வட்டிக் கடனை அடைப்பதுதான். 24 வட்டிக் கடனை வைத்துக்கொண்டு 7 வட்டிக்குச் சேமிக்கிறவர், ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் சேந்துகிறவர்.

இந்த 7 வட்டி போதாதென்று பறக்கிறவர்களைப் பிடிப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெருந்துறைப் பக்கத்தில் ஈமு என்னும் அயல்நாட்டுப் பறவையை வளர்க்கச் சொல்லி, பணம் போட்டவர்களுக்கு மாதா மாதம் பராமரிப்புப் பணமும் வருஷ போனசும் தருவதாய்ச் சொல்லி, கடைசியில் 2012-ல் கம்பெனியை மூடியபோது, நிலத்தை விற்றும் நகையை வைத்தும் பணம் போட்ட குடியானவர்கள் தீனியில்லாத பறவைகளோடு திகைத்து நின்றார்கள். அதற்கு முன்னும் பைனான்சுக் கம்பெனிகள் பல கவிழ்ந்துதான் 1997-ல் பணம் போட்டவர்களைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் செய்யும்படியாயிற்று. லாட்டரிச் சீட்டை 2003-ல் தமிழ்நாட்டில் நிறுத்தினார்கள். அந்த ஆசை இப்பொழுது கைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாங்கியே 100க்கு 7 கொடுக்கத் திணறும்போது, ஒருவன் மாதத்துக்கு 10 கொடுக்கிறேன் என்றால், அவன் எந்தத் தொழிலில் அதைச் சம்பாதிக்கிறான் என்று கேட்க வேண்டாமா? அவனுக்கு இருப்பது ஒரே தொழில்தான். பின்னால் வருகிறவன் பணத்தை முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பது.

இதெல்லாம் மிச்சமுள்ளவனுக்கு, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவன் எதைச் சேர்ப்பான் என்று கேட்கிறவர்களுக்கு, அவர்கள் கேட்பது முற்றிலும் சரி என்பதே நமது பதில். உழைப்பவனுக்குப் பங்கைக் கொடுக்காமல், சிக்கனமாயிரு என்று மாத்திரம் சொல்லுவது வயிறு நிறைந்தவன் பட்டினியைப் புகழ்வது போலத்தான். கூலிக்காகச் சங்கம் வேண்டும். கடனுக்கும் சங்கம் வேண்டும். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்த அந்த வருஷத்திலேயே, இன்றைய திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் கிராமத்தார் சங்கம் வைத்து லேவாதேவிக்காரர் பிடியிலிருந்து விலகப் பார்த்தார்கள். 1989-ல் தருமபுரி ஜில்லாவில் ஏழைப் பெண்களைக் கொண்டு சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பிக்கப்பட்டபோது, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு பாங்கிக்குள் நுழைந்தவர்கள் எத்தனையோ பேர். அக்குழுக்களுக்குள்ளும் இன்று வாராக் கடன்களும், வாரத் தவணைக் கம்பெனிகளின் தொல்லையும் புகுந்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் கந்துவட்டிக்காரரைவிட அது மேலானது. 2003-ல் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்த பிறகும், 2017-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் அப்படிப்பட்ட தொல்லை பொறுக்காமல் ஒரு கூலிக் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள் மாண்டார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தது; பக்கத்தில் சங்கமிருந்திருந்தால் ஒருவேளை அவர்கள் இருந்திருப்பார்கள்.

சந்தோஷத்தைப் பற்றி நாம் அதிகம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1938-ல் தொடங்கி, சில மாணவர்களையும், பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களையும் அவர்கள் கிழவர்களாகும் வரை விடாமல் கவனித்துப் பார்த்ததில், முதுமையில் சுகமாயும் சந்தோஷமாயும் இருந்தவர்கள் அதிகப் பணமும் புகழும் சம்பாதித்தவர்கள் என்று காணப்படவில்லை. மனைவியோடும் மக்களோடும் சிநேகிதர்களோடும் மனமொத்திருந்தவர்களே அப்படி இருந்தார்கள் என்று காணப்பட்டது. நமக்கு இதில் ஆச்சரியமில்லை. கடன்காரன் வீட்டில் இந்த மனமொத்திருப்பது எப்படி நிற்கும்? அவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவதே நேரம் கழித்துத்தான். பெண்டாட்டி எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்டால் அடிக்கிறான். சிநேகிதனிடம் கைமாற்று வாங்கிச் சிநேகிதத்தையும் இழக்கிறான். கடனில்லாதவன் வீட்டிலும் சண்டை உண்டு. அது அன்றைய குழம்பைப் பற்றின சண்டையாயிருந்து, சாப்பிட்டவுடன் முடிந்துவிடும்.

தை பிறக்கப்போகிறது. மண்டபங்களுக்கு முன்பணம் கட்டிவிட்ட தோழர்கள் சிலர் இதைப் படித்து நம்மேல் கோபித்துக்கொள்ளக்கூடும். இன்னும் கட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கலியாணத்துக்கு என்ன செலவு, அதில் கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, அதற்கு மாத வட்டி எவ்வளவு, எத்தனை வருஷம், யார் கட்டுவது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, கலியாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணையும் பிள்ளையையும் எதிரே உட்காரவைத்துக் காட்டுங்கள். அந்தச் செலவு வேண்டுமா, அல்லது மாலை மாற்றி, வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து, ரிஜிஸ்தர் ஆபீசில் பதிந்துகொண்டு, அந்தப் பணத்தைத் தங்கள் குடித்தனத்துக்கு வைத்துக்கொள்ளுவதா என்று அவர்களையே கேளுங்கள். மேற்சொன்ன விசைத்தறித் தோழர் தமது இரண்டாவது பெண்ணிடம் இப்படிக் கேட்டுவிட்டார். அந்தப் பெண் காப்பியே போதும் என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை வீட்டாரின் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.